வல்லார்பாடம் விட்டாச்சு

பாண்டிச்செல்வி வேலை பார்த்த கம்பெனி, மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே மூட்டை இறக்கினால் மேலே இருப்பவர்களுக்குத் தும்மல் வரும். முதலாளி ஸ்ரீநாத்தையும் சேர்த்து ஐந்தாறு பேர்தான். ஊரில் உள்ள சின்ன வியாபாரிகள், கிளினிக்காரர்கள், படகு விடுகிறவர்கள் என்று பலருக்கும் சர்வர் வாடகைக்கு விடுவது தொழில். சர்வர் என்றால் ஆளுக்கொரு பெட்டி கிடையாது. எங்கோ மும்பையில் ஒரு பெரிய மெஷின் ஓடும். ஒரே வீட்டைத் தடுப்பு வைத்துப் பல குடித்தனங்களுக்கு விடுகிற மாதிரி, அதற்குள் பல சர்வர்கள். ஒவ்வொன்றின் டிஸ்க்கையும், ஓடிக்கொண்டிருக்கிற நிலையிலேயே அவ்வப்போது அப்படியே பிரதி எடுத்து வைப்பார்கள். இமேஜ் என்று அதற்குப் பெயர். அந்த இமேஜைப் போட்டு எழுப்பினால், பிரதி எடுத்த நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே சர்வர் கண் விழிக்கும். நடுவில் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மும்பைக்காரர்களை விட்டுவிட்டு வேறு இடத்துக்கு எல்லாவற்றையும் மாற்றுவது என்று ஸ்ரீநாத் முடிவு செய்தார். வேலை செல்வி தலையில் விழுந்தது. பழைய இமேஜ்களை ஒவ்வொன்றாக எழுப்பி, சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, நிறுத்தி, புது இடத்துக்கு அனுப்ப வேண்டும். அலுப்பான வேலை. அப்படி எழுப்பியதில் ஒன்று வெங்கிடராமன் என்பவருடையது.

வல்லார்பாடம் கன்டெய்னர் டெர்மினலில் கிளியரிங் ஏஜென்டாக இருந்தவர் அவர். சரக்கு எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று வாடிக்கையாளர்களுக்குத் தானாக மெசேஜ் போகும்படி அந்த சர்வரைத் தன் கையாலேயே அமைத்திருந்தார். கூடவே தனக்காகவும் ஒன்று செய்திருந்தார். கார் ஓட்டும்போது போனைத் தொடுவது அவருக்குப் பிடிக்காது. வீட்டிலிருக்கும் மனைவிக்கோ அவர் எங்கே வந்துகொண்டிருக்கிறார் என்று தெரியாவிட்டால் இருப்புக்கொள்ளாது. அதனால் அவருடைய போன் இருக்கும் இடத்தைப் பார்த்து சர்வரே மனைவிக்கு மெசேஜ் அனுப்பிவிடும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு மழை நாளில், டெர்மினலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், கோஸ்ரீ பாலத்து ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். இதெல்லாம் செல்விக்கு அப்போது தெரியாது. கணக்கு முடங்கிக் கிடக்கிறது என்பது மட்டும் தெரியும். எழுப்பினாள், ஓடியது, நிறுத்தினாள், அடுத்ததற்குப் போனாள்.

மறுநாள் காலையில் மரப்படி ஏறி ஒரு மாமி வந்தாள். ஐம்பது வயசுக்கு மேலிருக்கும். ஈரக்குடையை வெளியே வைத்துவிட்டு, "இங்கே வெங்கிடராமனோட சர்வரைப் பாக்கறது யாரு?" என்று கேட்டாள்.

செல்வி எழுந்து நின்றாள். மாமி போனை நீட்டினாள். அதில் தமிழில் ஒரு மெசேஜ். செல்வியின் அப்பா அம்மா தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவள் படித்தது முழுக்க மலையாளப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"வல்... லார்... பாடம் விட்டாச்சு."

"நேத்திக்கு மத்தியானம் வந்தது" என்றாள் மாமி. "அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. அன்னிக்கு எனக்குக் கடைசியா வந்ததும் இதேதான்."

செல்வி மன்னிப்புக் கேட்டாள். இமேஜ் என்றால் என்ன என்று தனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினாள். "அன்னைக்கு மத்தியானம் அந்த சர்வரைப் பிரதி எடுத்திருக்கு மாமி. அவர் கிளம்புன நேரம். மெசேஜ் உள்ளயே போகக் காத்திருந்திருக்கு. நான் எழுப்புனதும் அது இன்னும் அந்த நாள்தான்னு நெனச்சு அனுப்பிடுச்சு."

மாமி சண்டைக்கு வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் போனைத் துடைத்தாள்.

"இன்னொரு தடவை எழுப்புவியா?" என்றாள்.

ஸ்ரீநாத் அன்று கலூருக்குப் போயிருந்தார். செல்வி முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய அப்பா வீரபாண்டி, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது அவளுக்கு ஏழு வயசு. அவர் குரல் எப்படி இருக்கும் என்பது மறந்தே போய்விட்டது. இப்படி ஒன்று எங்காவது மிச்சமிருந்தால் தானும் கேட்டிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுப்பினாள்.

மாமியின் கையில் போன் அதிர்ந்தது. வல்லார்பாடம் விட்டாச்சு. மாமி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே யாரோ லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். போதும் மாமி, நிறுத்திடுதேன் என்று செல்வி கீபோர்டில் கை வைக்கப் போனபோது, போன் மறுபடி அதிர்ந்தது.

மாமி வாசித்தாள். வாசித்துவிட்டு இன்னொரு தடவை, சத்தமாக வாசித்தாள். "பாலத்துல நிக்கறேன். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு."

"இது அன்னைக்கு வந்ததா மாமி?"

"இல்லை."

செல்வி சர்வரை நிறுத்தினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான பட்டனை அழுத்திவிட்டுத்தான் நிறுத்தினாள்.

மாமி போனபிறகு இமேஜின் உள்ளே புகுந்து தேடினாள். டிஸ்க் முழுக்க ஒவ்வொரு எழுத்தாகத் துழாவச் சொல்லி ஒரு கட்டளை கொடுத்தாள். வல்லார்பாடம் இருந்தது. பாலம் என்ற சொல் எங்கேயும் இல்லை. நெஞ்சு இல்லை. யாராவது இமேஜைத் திறந்து எதையாவது சேர்த்திருப்பார்களோ என்று பார்த்தாள்; இரண்டு வருஷமாக ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஒரே இமேஜ் என்றால் எத்தனை தடவை எழுப்பினாலும் ஒன்றேதான் செய்யும். அவள் படித்த படிப்பு, பார்க்கிற வேலை எல்லாம் அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

"அவரோட போன் எங்க இருக்கு மாமி?" என்று அன்று சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டாள்.

"என் அலமாரியிலே. புடவைக்கு அடியிலே. சார்ஜ் தீர்ந்து என்னிக்கோ செத்துப்போச்சு" என்றாள் மாமி. பிறகு, "நாளைக்கு வரட்டுமா?" என்றாள்.

மாமியின் பெயர் மீனாக்ஷி. பேலஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தனி வீடு. அவளுடைய தாத்தா காலத்திலேயே பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஒரே பெண், சுபாஷிணி, கனடாவில். இதையெல்லாம் அடுத்த நாள்களில், நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி மாமியே சொன்னாள். வரும்போது வாழைக்காய் வறுவலோ கொழுக்கட்டையோ எதையாவது டப்பாவில் கொண்டுவருவாள். ஸ்ரீநாத்துக்கும் ஒரு பங்கு வைத்துவிடுவதால் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ பழைய வாடிக்கையாளர், ஃபைல் ஏதோ தேடுகிறார் என்று இருந்துவிட்டார்.

மூன்றாவது தடவை எழுப்பியபோது வல்லார்பாடம் வந்தது. பாலம் வந்தது. நெஞ்சு வந்தது. மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்தது.

"பாலம் தாண்டியாச்சு."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செல்விக்கும் ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது. ஒரு மனுஷன் பிழைத்துக்கொண்டதைக் கேட்ட மாதிரி இருந்தது. உடனேயே அவளுக்கு ஒன்று உறைத்தது. நெட்வொர்க் இணைப்பை அன்று அவள்தான் காலையிலேயே துண்டித்து வைத்திருந்தாள். சோதித்துப் பார்க்கலாமே என்று செய்தது. அந்த சர்வரிலிருந்து வெளியே ஒரு எழுத்துகூடப் போக வழியில்லை. மாமியிடம் அதைச் சொல்லவில்லை.

அப்புறம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் முன்னேறினார். ஹைகோர்ட் பக்கம் வந்தாச்சு. எம்.ஜி. ரோடுல ஒரே பிளாக், வண்டி நகரலை. இன்னொரு நாள், தேவரா. வெளியே மழை கொட்டினால், மழையா இருக்கு, மெள்ளத்தான் வரேன் என்று வரும். எங்கே நிற்கிறாரோ அதோடு அன்றைக்கு மெசேஜ் நின்றுவிடும். செல்வி சர்வரை நிறுத்துவாள். அடுத்த தடவை திரும்பவும் வல்லார்பாடத்திலிருந்து ஆரம்பம், திரும்பவும் பாலம், திரும்பவும் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. அதைத் தாண்டி, போன தடவை விட்ட இடத்துக்குச் சற்று அப்பால்.

செல்வி சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மாயம்மாள் மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருந்தவள், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, ஆபீஸ்ல எவனும் ஏதும் சொல்லுதானா?" என்று கேட்டாள். செல்வி இல்லை என்றாள். பஸ்ஸில் உட்கார்ந்தாலும், எதிரே வரும் கார்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

வெண்டுருத்திப் பாலம், வில்லிங்டன் தீவு எல்லாம் கடந்து ஒருநாள், "தோப்பும்படி வந்தாச்சு" என்று வந்தது. அங்கிருந்து மாமியின் வீட்டுக்குக் காரில் சில நிமிஷம்தான். செல்வியின் கை தானாக நிறுத்துவதற்குப் போயிற்று. மாமி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன.

"செல்வி, ஒண்ணு கேக்கறேன். நீ நிறுத்தினப்புறம் அவர் எங்கே இருக்கார்?"

"எங்கயும் இல்ல மாமி. அடுத்த தடவை மறுபடி முதல்லேருந்துதான்."

"அப்போ முதல்லேருந்துன்னா, அந்தப் பாலத்துலேயும் மறுபடி நிக்கணும் இல்லியோ?"

செல்வி மாமியின் போனைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் நெஞ்சைப் பிடிச்சுண்டு, தனியா, அந்த மழையிலே. நான் இங்கே உக்காந்து வறுவல் தின்னுண்டிருக்கேன். தாண்டி வந்தவரை நாம ரெண்டு பேருமா நடு வழியிலே நிறுத்தி நிறுத்தித் திருப்பி அனுப்பறோம்." மாமியின் குரல் உயரவே இல்லை. "இந்தத் தடவை நிறுத்தாதே. வரட்டும்."

"மாமி, வர்றது யாருன்னு நமக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"அன்னைக்கு நெட்வொர்க்கே இல்லாம மெசேஜ் வந்துச்சு. உங்ககிட்ட நான் சொல்லல. பயமா இருக்கு மாமி. நிறுத்திட்டு அழிச்சிருவோம். இந்த மாசத்தோட மும்பைக்காரனும் நம்ம கணக்கை மூடிருவான்."

மாமி எழுந்தாள். டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "பயமாத்தான் இருக்கு எனக்கும்" என்றாள். "அதுக்காக வராதேன்னு சொல்ல முடியுமா? நான் ஆத்துக்குப் போறேன். யாராவது கதவைத் திறக்கணுமே."

படியிறங்கிப் போய்விட்டாள். செல்வி திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் சர்வரை அணைக்கிற பட்டன் இருந்தது. ஸ்ரீநாத் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தா செல்வி, அந்தப் பழைய மெஷின் இன்னும் தீரலியா?" என்றார். "இன்னிக்குத் தீந்துரும் சேட்டா" என்றாள். நிறுத்தலாம் என்று நினைத்தபோதெல்லாம் அப்பா விழுந்த நாள் ஞாபகம் வந்தது. யாராவது வந்து, விழுந்தவர் எழுந்து நடந்து தெருமுனை வரைக்கும் வந்துவிட்டார் என்று சொல்லியிருந்தால், அம்மா கதவைச் சாத்தியிருப்பாளா? அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. காயல் தண்ணீரைப் பார்த்திருந்த ஜன்னலில் ஒன்றும் தெரியாமல் வெள்ளையாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில், யாரும் எதையும் தொடாமலே, திரையில் அந்த சர்வர் தன் வேலைகளை ஒவ்வொன்றாக முடிக்க ஆரம்பித்தது. வெளியூர் போகிறவர்கள் வீட்டைப் பூட்டும்போது ஒவ்வொரு விளக்காக அணைக்கிற மாதிரி, நிதானமாக, ஒழுங்காக. கடைசி வரி வந்தது. அணைந்தது.

செல்வி மறுபடி எழுப்பிப் பார்த்தாள். எழவில்லை. இமேஜைத் திறந்தாள். அளவு பழைய அளவுதான். உள்ளே முதலிலிருந்து கடைசி வரை பூஜ்யம். வல்லார்பாடம் என்ற சொல்லும் இல்லை. வேறு இடத்தில் வைத்திருந்த இன்னொரு பிரதியைத் திறந்தாள். அதிலும் பூஜ்யம்.

குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். பஜார் ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். பேலஸ் ரோட்டைத் தாண்டி, மாமி சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து அந்தச் சந்துக்குள் நுழைந்து, பச்சைக் கேட் போட்ட வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவு தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. மாமீ என்று கூப்பிட்டாள்.

மாமி உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெள்ளப் பேசு" என்றாள். "தூங்கறார்."

அவள் முகத்தில் பயம் இல்லை. ஆனால் சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை. நெடுநாள் காய்ச்சல் விட்டவளின் முகம் மாதிரி இருந்தது. வாசல் ஓரத்தில் ஒரு ஜோடி ஆண்கள் செருப்பு. மழையில் ஊறி, தண்ணீர் கசிந்து, சிமென்ட் தரையில் இருட்டாகப் படர்ந்துகொண்டிருந்தது.

"பாலத்துலே ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கார். அசதி" என்றாள் மாமி. "வேணும்னா எட்டிப் பாரேன்."

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது, யாரோ புரண்டு படுக்கிறார்கள். அலமாரிக்குள் துணிகளுக்கு அடியில் இருக்கும் நெடுநாள் வாடையும், மழை வாடையும் ஒன்றாக வந்தன.

"வேண்டாம் மாமி" என்றாள் செல்வி. பின்வாங்கியபடியே கேட் வரைக்கும் வந்தாள். முதுகைக் காட்டத் தைரியம் வரவில்லை. தெருவுக்கு வந்ததும் ஓடினாள்.

மாதக் கடைசியில் மும்பைக்காரர்கள் கணக்கை மூடினார்கள். மற்ற இமேஜ்கள் எல்லாம் புது இடத்தில் ஒழுங்காக ஓடின. ஸ்ரீநாத் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். செல்வி அந்தச் சந்துப் பக்கம் போகவே இல்லை. மாமியும் வரவில்லை, கூப்பிடவுமில்லை.

ஓணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் அம்மாவின் கடையில் கூட்டமாக இருந்ததால் செல்வி தராசுப் பக்கம் நின்றிருந்தாள். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த கையை முதலில் அடையாளம் கண்டாள். மாமி இளைத்திருந்தாள். செல்வியைப் பார்த்ததும் சிரித்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"சௌக்கியமா மாமி?" என்று செல்வி கேட்டாள். வேறு எதுவும் கேட்க வரவில்லை.

"நன்னாருக்கோம்" என்றாள் மாமி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தினமும் காலமே எழுந்திருக்கறார். குளிச்சுட்டு, சட்டை போட்டுண்டு, டெர்மினலுக்குக் கிளம்பறேங்கறார். அவருக்கு என்னிக்கும் அதே நாள்தான் செல்வி. அன்னிக்கு வரவேண்டிய கன்டெய்னரைப் பத்தியே பேசறார். நேத்திக்கு நான் என்ன சொன்னேன், என்ன சாப்பிட்டோம், ஒண்ணும் நினைவில்லை. கார் சாவியைத் தேடறார். காரை வித்தாச்சே! வொர்க்‌ஷாப்பிலே இருக்குன்னு சொல்லறேன். அப்போ பஸ்ஸிலே போறேங்கறார்."

"அப்புறம்?"

"இன்னிக்கு ஹர்த்தால், கடை பஸ் ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிடறேன்." மாமி லேசாகச் சிரித்தாள். "ஹர்த்தால்னா பேசாம சட்டையைக் கழட்டிட்டு உக்காந்துடுவார். எவன் விளிச்ச ஹர்த்தால்னு திட்டுவார். பேப்பரை ஒளிச்சு வெச்சுடறேன். சீட்டு விளையாடுவோம். மத்தியானம் தூங்குவார். மறுநாள் காலமே மறுபடி சட்டை போட்டுண்டு வந்து நிப்பார். நான் மறுபடி ஹர்த்தால்னு சொல்வேன்."

யாரோ தக்காளி என்ன விலை என்று கேட்டார்கள். செல்வி காதில் விழவில்லை. மாமி வெண்டைக்காயை ஒரு கைப்பிடி அள்ளித் தட்டில் போட்டாள்.

"உன்னாலே ஒண்ணு முடியுமோ?" என்றாள். "அந்த சர்வரோட தேதியை ஒரே ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமோ? அதிகம் வேண்டாம். மறுநாள்னு அவருக்குத் தெரிஞ்சாப் போறும். நான் சொன்னது ஒரு ராத்திரியாவது அவர்கிட்டே தங்கினாப் போறும்."

"அங்க ஒண்ணுமே இல்ல மாமி" என்றாள் செல்வி. "அன்னைக்கே பாத்தேன். மாத்துறதுக்கு உள்ள எதுவும் மிச்சமில்ல."

மாமி தலையாட்டினாள். எதிர்பார்த்துத்தான் வந்திருப்பாள் போலிருந்தது. மாயம்மாள் நிறுத்துக் கொடுத்த காயை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டு வாங்கினாள்.

"வெளியிலே பஸ் சத்தம் கேட்டா சந்தேகப்படறார்" என்றாள். "சீக்கிரம் போகணும்."

மீன்காரர்களின் கூடைகளுக்கு நடுவே, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் வேகமாக நடந்து போனாள். மாயம்மாள் சில்லறையை எண்ணிக்கொண்டே, "யாருட்டி அந்த மாமி, தெரிஞ்சவுகளா?" என்று கேட்டாள். செல்வி தக்காளி கேட்டவரின் பக்கம் திரும்பி, எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்டாள்.